பாலம் போடுகிறீர்கள் சரி, குறுக்கே கிடப்பது யார்?

2025 ஏப்ரல் 6, ராமநவமி. பிரதமர் மோடி காலையில் அநுராதபுரத்தில் இருந்தார், மதியம் பாம்பனில் இருந்தார். வரும் வழியில் ஆகாயத்திலிருந்து ராமர் சேதுவைத் தரிசித்ததாகச் சொன்னார். இறங்கியதும் புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்துவைத்தார். அதற்கு முதல் நாள்தான் கொழும்பில் பாதுகாப்பு ஒப்பந்தம், மின்கம்பி இணைப்பு, திருகோணமலை எரிசக்தி மையம் என்று வரிசையாகக் கையெழுத்தாகியிருந்தது. 2023 ஜூலையில் ரணில் டெல்லிக்கு வந்தபோதே இரு நாட்டையும் தரைவழியாக இணைப்பது பற்றி ஆராயலாம் என்று முடிவாகிவிட்டது. கப்பல், கம்பி, குழாய், பாலம். இரண்டு அரசுகளும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகின்றன. தெற்காசியா ஒன்றுபடுகிறது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. படித்தவர்கள் கைதட்டுகிறார்கள்.

நல்லது. பாலத்தை நாம் எதிர்க்கவில்லை. நாம் கேட்பது ஒரு சின்னக் கேள்விதான். இராமேஸ்வரத்துக்கு ரயிலில் வருகிறவர்கள் கடலைப் பார்க்க ஜன்னலோரம் முண்டியடிக்கிறார்களே, அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிலையம் வரும். பலகையில் 'மண்டபம் கேம்ப்' என்று எழுதியிருக்கும். முகாமின் பேரையே பேராகக் கொண்ட ரயில் நிலையம். அது யாருக்குப் போட்ட முகாம்? ஏன் நூறு வருஷமாக அது காலியாகவே இல்லை?

பதிலைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, என் அப்பத்தாவே சொல்லும். முதுகுளத்தூர் பக்கத்துச் சேரியிலிருந்து எட்டு ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு அந்த முகாமுக்கு வந்தது. "மழயில்லப்பா. கஞ்சிக்கு வழியில்ல. கங்காணி வந்து தேங்காயும் மாசியும் தோண்டத் தோண்ட கெடைக்குங்கிறான். நடந்தே வந்தோம். கேம்புல துணியெல்லாம் வாங்கி ஆவில அவிச்சாங்க. ஊசி போட்டாங்க. அஞ்சாறு நாளு அடச்சு வச்சிருந்தாங்க, ஆடு மாடு கணக்கா. அப்பறந்தான் கப்பல்." இவ்வளவுதான் அதன் சுயசரிதை. மிச்சமெல்லாம் கொழுந்துக் கூடை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இருந்தது. நடத்தியது இலங்கை அரசு. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கவும், நோய் நொடி இல்லாத கூலியாகச் சலித்து அனுப்பவும் ஓர் அரசு இன்னோர் அரசின் மண்ணில் கேம்ப் போட்டு உட்கார்ந்திருந்தது. நாடு கடந்த நிர்வாகம், எல்லை கடந்த ஒருங்கிணைப்பு என்று இன்று பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கு வைக்கிறார்களே, அதை நம் ஜனம் தோலிலேயே அனுபவித்துவிட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். சென்னையில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம், போட் மெயில். பழைய பெருமை பேசுகிறவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள். அந்தப் பெருமைக்குள் மூன்றாம் வகுப்பில் அடைபட்டுப் போனது யார் என்று மட்டும் சொல்வதில்லை. அதற்கும் முந்திய தலைமுறை, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தது. வழியில் செத்து விழுந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது.

போனவர்களில் பெரும்பான்மை பள்ளர், பறையர், அருந்ததியர். கூட்டிப் போன பெரிய கங்காணி பெரும்பாலும் சாதி இந்து. கடன் எழுதிய துண்டுச் சீட்டு, எண் அடித்த தகர வில்லை, ஒரே கங்காணிக்குக் கீழ் ஒரே லயம். ஊர் வேறு சேரி வேறு என்ற ஏற்பாட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் மலைமேல் நட்டார்கள். வெள்ளைக்காரன் அதைக் கலைக்கவில்லை. அது அவனுக்கு வசதி. சாதிதான் அவனுக்குச் சம்பளமில்லாத மேஸ்திரி.

இதைத்தான் தோழர்களே, முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அரசுகளுக்கு மேலே ஓர் அமைப்பு வந்தால் கீழே நசுங்குகிறவன் நிமிர்வான் என்று ஒரு நம்பிக்கை நம் இளைஞர்களிடையே உலவுகிறது. டெல்லிக்கு மேலே ஜெனீவா இருக்கிறது, கொழும்புக்கு மேலே பிரஸ்ஸல்ஸ் இருக்கிறது, அங்கே போனால் நியாயம் கிடைக்கும் என்கிறார்கள். நம்பிக்கையைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பேரரசு என்பதும் அரசுகளுக்கு மேலே இருந்த அமைப்புதானே? அதனடியில் நாம் என்னவாக இருந்தோம்?

அடுத்த கட்டத்துக்கு வருவோம். பேரரசு போயிற்று. 1948இல் இலங்கை சுதந்திரமடைந்தது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். தேயிலையில் பணம் கொட்டிய பத்து லட்சத்துக்குக் கிட்டத்தட்ட ஜனம் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனது. அடுத்து 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். முதல் சட்டத்தை எதிர்த்த ஜி.ஜி. பொன்னம்பலம், மந்திரியான பிறகு இந்த இரண்டாவதை ஆதரித்தார். அதைக் கண்டித்து செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கினார். அவர் செய்தது நேர்மை, மறுக்கவில்லை. ஆனால் கொழும்பு ஆட்சியில் நாற்காலி கிடைத்ததும் 'தமிழர்' என்ற சொல்லிலிருந்து முதலில் உதிர்ந்தது யார் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

1964 அக்டோபர் 30. டெல்லியில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்தார்கள். எதிரில் 9,75,000 உயிர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தியும் அதே சிறிமாவோவும் அந்த மீதியைப் பாதிப்பாதியாக வெட்டினார்கள், ஆளுக்கு 75,000. சந்தையில் கருவாடு பிரிக்கிறவன்கூட எந்த மீன் எந்தக் கூறில் விழுகிறது என்று ஒருதரம் புரட்டிப் பார்ப்பான். இவர்கள் அதுகூடப் பார்க்கவில்லை. புருஷன் ஒரு கூறு, பெண்டாட்டி ஒரு கூறு. தகப்பன் அட்டன், பிள்ளை கூடலூர். தோட்டத்து ஜனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே 1974இல்தான் கச்சத்தீவு ஒப்பந்தமும். கச்சத்தீவுக்காக இன்றுவரை தமிழ்நாட்டில் தீர்மானம் போடாத கட்சி கிடையாது. தேர்தல் வந்தால் தீவு கடலிலிருந்து எழுந்து மேடைக்கு வந்துவிடும். அதே ஆண்டில் கைமாறிய ஒன்றரை லட்சம் மனிதருக்காக எத்தனை கூட்டம் போட்டீர்கள்? 1965 ஜனவரியில் தமிழுக்காகத் தீக்குளித்தார்கள். அந்தச் சாவுகளை நாம் மதிக்கிறோம். அதற்கு மூன்று மாதம் முன்னால் அதே தமிழைப் பேசிய ஐந்தேகால் லட்சம் பேரை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணியபோது தமிழ்நாடு அந்த அளவுக்குக் கொதித்ததா? ஏன் கொதிக்கவில்லை? பேசிய மொழி தமிழ்தான், ஆனால் பேசியவன் சேரிக்காரன். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போயிற்று. அதனால் திரும்பி வந்த ஜனம் இராமேஸ்வரத்தில் இறங்கியது. மறுபடி மண்டபம். போகும்போது இருந்த அதே கேம்ப். அப்பத்தா சொல்லும், "அதே எடந்தாம்பா. போறப்ப கூலின்னாங்க, வர்றப்ப அகதின்னாங்க." சர்க்கார் வைத்த பேர் 'தாயகம் திரும்பியோர்'. எந்தத் தாயகம்? அங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள், இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள். நீலகிரியில் சிலருக்குத் தேயிலைக் கழகத்தில் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது; பறித்த கை மறுபடி பறித்தது. பலருக்குக் கடன் தருகிறோம் தொழில் செய் என்றார்கள். கடன் தரகன் கைக்குப் போயிற்று. கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கும் கொத்தடிமைகளாகக் கிடந்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் சித்தப்பா மகன் படிக்கப் போனான். சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். அங்கிருந்தவர் சொன்ன பதில்: "சிலோன்ல ஏதுய்யா சாதி? அத்தாட்சி கொண்டா." சாதி இல்லாத தேசத்திலிருந்து வந்தவனுக்கு எங்கே வீடு கொடுத்தார்கள் தெரியுமா? சேரியில்தான்.

இந்த இடத்தில் ஒரு தோழர் குறுக்கிடுவார். அவரை நான் அறிவேன், நல்லவர், சிறைக்குப் போனவர். "இதெல்லாம் இரண்டு நாட்டு ஒப்பந்தம் தோழர். நீங்கள் பேச வந்தது பிராந்திய ஒருங்கிணைப்பு. ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே ஒன்றியம் வந்த பிறகு சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வந்தது. தெற்காசியாவுக்கும் அப்படி ஒன்று வந்தால் ஈழப் பிரச்சினை தீரும், மலையகமும் தீரும்."

சரி, ஐரோப்பாவுக்கே போவோம். 1993இல் கோபன்ஹேகனில் கூடி, ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு சிறுபான்மையினரை மதித்துப் பாதுகாக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அதனால் பலன் இருந்தது, உண்மை. ருமேனியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இருந்த ஹங்கேரிய சிறுபான்மை கட்சி கட்டியது, மந்திரிசபையில் உட்கார்ந்தது, மொழியுரிமை பேசி வாங்கியது. ஏன் முடிந்தது? அவர்களுக்குப் பின்னால் ஹங்கேரி என்று ஓர் அரசு இருந்தது. லாட்வியாவில் குடியுரிமை இல்லாமல் விடப்பட்ட ரஷ்ய மொழிக்காரர்களுக்குக்கூட, கெட்டதோ நல்லதோ, மாஸ்கோ என்று ஒரு குரல் இருந்தது. ரோமா மக்களுக்கு? ஐரோப்பாவின் மிகப் பெரிய சிறுபான்மை அவர்கள்தான். எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு நாடும் இல்லை. ஊருக்கு வெளியே குடியிருப்பு, பள்ளியில் தனி வகுப்பு, தொட்டால் தீட்டு என்பதற்கு அங்கே என்ன சொல் இருக்கிறதோ அது. 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும் ஒன்றியத்தில் சேர்ந்தன. ரோமா மக்களும் ஒன்றியக் குடிமக்கள் ஆனார்கள். 2010இல் பிரான்ஸ் என்ன செய்தது? குடிசையைப் பிரித்து, விமானமேற்றி, ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் திருப்பி அனுப்பியது. எல்லையில்லாத ஐரோப்பாவில் எல்லை அவர்களுக்கு மட்டும் இருந்தது. அதுவும் ஒரு மண்டபம்தான்.

ஆக, அரசுகள் ஒன்றுசேர்ந்து சிறுபான்மைக்கு இடம் கொடுக்கும்போது, பின்னால் ஓர் அரசு நிற்கும் சிறுபான்மைக்குத்தான் முதலில் நாற்காலி போடுகின்றன. நமக்குப் பின்னால் எந்த அரசு நிற்கிறது? ஈழத் தமிழருக்குத் தமிழ்நாடு இருக்கிறது என்று டெல்லியும் கொழும்பும் கணக்குப் போட்டன. சிங்களவனின் பயமே அதுதானே. மலையகத்துச் சேரி ஜனத்துக்கு அந்தத் தமிழ்நாடும் இல்லை.

இனி நம்மூர் ஒன்றியத்தைப் பாருங்கள். 1985 டிசம்பர் 8, டாக்காவில் சார்க் பிறந்தது. அதன் சாசனத்தில் ஒரு பிரிவு: எல்லா முடிவும் ஏகமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசக் கூடாது. 1983 ஜூலை முடிந்து இரண்டு வருஷம். மண்டபத்தில் தோணி தோணியாக ஜனம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இவர்கள் கூடி அதைப் பேசக் கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தார்கள். அந்தத் தேநீர் எந்தத் தோட்டத்துக் கொழுந்தோ!

1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு. அதற்காகத் தமிழ்நாட்டில் இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். பிறகு பிரபாகரனை பெங்களூருக்கே கூட்டிப் போனார்கள். மாநாட்டு மண்டபத்தில் வறுமை ஒழிப்பு, கலாச்சாரம். தனியே ஓர் அறையில் எம்.ஜி.ஆரும் பிரபாகரனும் அதிகாரிகளும். சிறுபான்மை அரசியல் இப்படித்தான் நடைவழிக்குத் தள்ளப்படுகிறது. நடைவழிக்குள் யார் வரலாம் என்பதை யார் தீர்மானித்தது? துப்பாக்கியும் எண்ணிக்கையும். மலையகம் அந்த நடைவழியிலும் இல்லை. 1987 ஜூலை 29இல் ராஜீவும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது, எந்த வெளிநாட்டு வானொலி என்ன செய்யக் கூடாது என்றெல்லாம் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். பதின்மூன்றாவது திருத்தம் வந்தது, மாகாண சபை வந்தது. வடக்கு கிழக்குக்கு வெளியே லயத்தில் கிடப்பவனுக்கு அதில் என்ன வந்தது?

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1985இல் திம்புவில் இயக்கங்களும் கூட்டணியும் சேர்ந்து வைத்த நான்கு கோட்பாட்டில் நான்காவது, தீவைத் தாயகமாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை. வைத்தவர்களை மதிக்கிறோம். ஆனால் மலையகத்துக்குக் குடியுரிமை 1988 சட்டத்திலும் 2003 சட்டத்திலும் வந்ததற்குக் காரணம் திம்புவும் இல்லை, டாக்காவும் இல்லை. 1986 ஜனவரியில் பிரார்த்தனை என்று பேர் வைத்துத் தோட்டங்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்ததும், கொழும்புக் கட்சிகளுக்கு அவர்கள் வாக்கு தேவைப்பட்டதும்தான் காரணம். தொண்டமான்மீது நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. சந்தா வாங்கிய சங்கம் லயத்தை லயமாகவே வைத்திருந்தது. ஆனாலும் கொழுந்தைப் பறிக்காமல் விட்டால் கஜானா காய்ந்துபோகும் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது.

'தமிழர்' என்ற ஒற்றைச் சொல் இங்கே என்ன வேலை செய்கிறது? ஜெனீவா, பிரஸ்ஸல்ஸ், டெல்லி எல்லாவற்றுக்கும் ஒரு சிறுபான்மை என்றால் ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு பிரதிநிதி தேவை. மனு வாங்குகிறவனின் வசதி அது. உடனே சமூகத்துக்குள் யார் குரல் பெரிதோ அவன் பிரதிநிதி ஆகிறான். யாழ்ப்பாணத்துத் தலித்துகள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: சிறுபான்மைத் தமிழர் மகாசபை. சிறுபான்மைக்குள் சிறுபான்மை என்பதைப் பேரிலேயே சொல்லிவிட்டார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் அவர்கள் நுழைய முயன்றபோது வாசலில் நின்று மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியது யார்? சி. சுந்தரலிங்கம். பேராசிரியர், முன்னாள் மந்திரி, தனி ஈழம் என்று முதலில் பேசியவர்களில் ஒருவர். தேசம் கேட்ட அதே வாய்தான் கோயில் வாசலில் 'போ வெளியே' என்றது.

"எதிரி முன்னால் நிற்கும்போது சாதியைப் பேசி ஒற்றுமையைக் குலைக்காதே" என்பார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் செத்த குழந்தைக்காக நாமும் அழுதோம், தெருவில் நின்றோம், தடியடி வாங்கினோம். அந்த உரிமையில்தான் கேட்கிறோம். 2011 ஜூன் 8இல் தமிழக சட்டமன்றம் இலங்கைமீது பொருளாதாரத் தடை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நாம் வரவேற்றோம். மூன்றே மாதம், செப்டம்பர் 11. 1957இல் அதே நாளில் வெட்டிக் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனுக்கு அஞ்சலி செலுத்தப் பரமக்குடியில் கூடிய ஜனத்தைத் தமிழ்நாட்டுப் போலீஸ் சுட்டது. சுட்டவனும் தமிழன், செத்தவனும் தமிழன். இலங்கையில் சர்வதேச விசாரணை வேண்டும் என்ற கட்சிகளில் எத்தனை கட்சி பரமக்குடிக்கும் சர்வதேசப் பார்வையாளர் வரட்டும் என்றது? அங்கே மனித உரிமை, இங்கே சட்டம் ஒழுங்கு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர்தான். அதற்குள் நியாயத்தின் நிறம் மாறிவிடுகிறது.

டெல்லி இதில் இன்னும் கெட்டி. இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லை 1965இல் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். 1968இல் கையொப்பத்தை உறுதியும் செய்தது. 1996இல் அந்தக் குழு, சாதியும் இதில் அடங்கும் என்று சொன்னதும், இல்லை, சாதி வேறு, இனம் வேறு என்று பின்வாங்கியது. 2001 டர்பன் மாநாட்டில் நம் தோழர்கள் போய் முழங்கினார்கள். சாதி உள்நாட்டு விவகாரம் என்று அரசு கதவைச் சாத்தியது. ஆனாலும் 2002இல் அதே குழு, வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் உண்டு என்று பொதுப் பரிந்துரையாகவே எழுதிவிட்டது. ஆக மேலே ஒரு கதவு திறந்தது. யார் திறந்தார்கள்? அரசுகள் திறக்கவில்லை. எந்த அரசின் பிரதிநிதியாகவும் இல்லாமல் போனவர்கள் இடித்தார்கள், திறந்தது.

அண்ணல் 1930இல் லண்டன் வட்ட மேசைக்குப் போனார். நம் மண்ணின் இரட்டைமலை சீனிவாசனும் கூடப் போனார். இந்துக்களின் பிரதிநிதியாகப் போகவில்லை, இந்தியரின் பிரதிநிதியாகவும் போகவில்லை. தாழ்த்தப்பட்டோரின் தனிப் பிரதிநிதியாகப் போனார்கள். அதைத்தான் காந்தியால் பொறுக்க முடியவில்லை. 1946இல் அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு மனுப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதன் நகல் வேண்டும் என்று அம்பேத்கர் டு போய்சுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. பிறந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாத காலம். வாசல் எங்கே இருக்கிறது என்று அவர் அன்றே பார்த்துவிட்டார். உள்ளே போனால் தனிப் பேரோடு போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பிரஸ்ஸல்ஸும் அப்படித்தான். 2007 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்திய தலித்துகள் நிலைபற்றித் தீர்மானம் போட்டது. சந்தோஷம். அதே ஒன்றியம் இந்தியாவோடு வியாபாரம் பேச உட்கார்ந்தால் அந்தக் காகிதம் எந்த மேஜை அறையில் கிடக்கும் என்று நமக்குத் தெரியும். இலங்கைக்குக் கொடுத்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை மனித உரிமைக் காரணம் சொல்லி 2010 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், 2017 மேயில் திருப்பிக் கொடுத்தார்கள். இருபத்தேழு சர்வதேச உடன்படிக்கையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிப் பேசினார்கள், சரிதான். ஆனால் நிறுத்தியபோதும் கொடுத்தபோதும் லயத்துக் கூரையில் ஒரு தகரம் மாறவில்லை. அது தானாக மாறாது. தோட்டத்துப் பெண் நேராகப் போய் அந்த மேஜையில் தட்டினால்தான் இருபத்தேழில் ஒன்று அவளுக்கும் சொந்தம் என்று அவர்களுக்கு உறைக்கும்.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. 2023இல், மலைக்குப் போன இருநூறாவது ஆண்டில், மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முப்பாட்டன் செத்து விழுந்த அதே வழி. 'இந்தியத் தமிழர்' என்று கொழும்பு வைத்த பேரைத் தள்ளி, மலையகத் தமிழர் என்று தாங்களே சூட்டிய பேரோடு நடந்தார்கள். அந்த ஆண்டு டெல்லி அவர்களுக்கு 75 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. வீடு கட்டிக் கொடுக்கிறது, மருத்துவமனை கட்டிக் கொடுக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் உழைப்பின் வட்டிக்கும் காணாது. ஆனால் ஒப்பந்தம் பேசும் மேஜையில் நாற்காலி கேளுங்கள். டெல்லி உங்களைத் தன் செல்வாக்குக்கு ஒரு கொக்கியாகத்தான் பார்க்கிறது. 1964இல் சிறிமாவோவைத் திருப்திப்படுத்த உங்களைக் கொடுத்த அதே டெல்லிதான் இது.

மீனவர் பிரச்சினையையும் ஒரு வரி சொல்லாமல் போனால் இராமேஸ்வரத்துத் தோழர்கள் சண்டைக்கு வருவார்கள். தமிழக மீனவர், ஈழ மீனவர் என்று பேசுகிறோமே, இழுவைமடிப் படகு யாருடையது, அதில் கூலிக்குப் போகிறவன் யார்? பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் கிடப்பவன் பெரும்பாலும் கூலிக்காரன். அந்தப் பக்கம் வலை அறுந்து நிற்பவன், போரில் எல்லாம் இழந்து இருபது குதிரைச் சக்தி எஞ்சினோடு கடலுக்கு வந்தவன். இரண்டு அரசும் கூட்டுக்குழு கூட்டும்போது பேசுவது படகுகளைப் பற்றி. கூலியைப் பற்றிப் பேச ஆளில்லை. இது தனியாக எழுத வேண்டியது, இன்னொரு இதழில் எழுதுவோம்.

மண்டபத்துக்கே திரும்புவோம். 2021இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். ஏறக்குறைய அறுபதாயிரம் பேர். அவர்களில் மலையகத்து வம்சாவளியினர் முப்பதாயிரத்துக்குக் கிட்ட என்று கணக்குச் சொல்கிறார்கள். அதாவது 1964 கூறில் விழுந்திருக்க வேண்டியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எழுபது, எண்பதுகளின் கலவரங்களில் தோட்டத்தைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள், அங்கிருந்து போருக்குத் தப்பித் தோணியேறி இங்கே வந்தவர்கள். பாட்டன் பூர்வீகம் புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சி. பேரன் 'சட்டவிரோதக் குடியேறி'. 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இவர்களின் குடியுரிமை விண்ணப்பத்தை மைய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இலங்கை இல்லை. ராமர் சேதுவை வானத்திலிருந்து பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அதன் நுனியில் இருக்கும் கேம்ப் தெரியவில்லை. இந்துக்களின் காவலன் என்கிறார்களே, முகாமில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள்தானே? பின் ஏன் இல்லை? 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தவர்களை, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டிக்க மாட்டோம் என்று ஓர் ஆணை போட்டார்கள். தண்டனை இல்லை, உரிமையும் இல்லை. முப்பது நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்தது ஒரு மன்னிப்பு. குற்றம் செய்தவன் யார், மன்னிப்பவன் யார்?

ஆகவே பாலம் வரட்டும். கம்பி வரட்டும். ஆனால் இரண்டு அரசும் அடுத்த முறை உட்காரும்போது நம் கோரிக்கை மேஜைமேல் இருக்க வேண்டும். முகாமிலுள்ள மலையக வம்சாவளியினருக்கு 1964 ஒப்பந்தப்படியே இந்தியக் குடியுரிமை. திரும்ப விரும்புகிறவனுக்கு அங்கே நிலத்தோடு வீடு. தாயகம் திரும்பியோர் பிள்ளைகளுக்கு அலையவிடாமல் சாதிச் சான்றிதழ். இதைத் தமிழ்த் தேசியக் கட்சிகள் தங்கள் மனுவின் பதினேழாவது பத்தியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நாமே எழுதுவோம், டெல்லிக்கும் ஜெனீவாவுக்கும் நம் பேரிலேயே அனுப்புவோம்.

அதற்கு முதல் வேலை காகிதம். பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, மண்டபம் பக்கத்துத் தோழர்களும் மாணவர்களும் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, தோட்டத்துப் பேர் போட்ட சம்பளச் சீட்டு, செத்துப்போனவர்களின் பிறப்புப் பதிவு எது கிடைத்தாலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை எவன் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். முகாமுக்குள் போக முடிந்த மாணவர்கள் பெரியவர்களிடம் உட்கார்ந்து எந்தத் தோட்டம், எந்த வருஷம், பூர்வீகத்தில் எந்த ஊர், எந்தச் சேரி என்று எழுதி வாருங்கள். வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என் அப்பத்தாவிடம் கப்பலில் எந்தத் தேதியில் இறங்கினாய் என்று நான் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை.